தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஸ்பானியம்: எழுத்திலிருந்து தொடங்குவதா, காதிலிருந்து தொடங்குவதா?

கேள்வி: மோக்கா ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் மொரீசியசில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் 11 ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வருகிறேன். எங்கள் பெற்றோர் ஆசிரியர் கழகத்தினர் இந்த ஆண்டு சனிக்கிழமைகளில் பள்ளி வளாகத்திலேயே ஒரு மொழி வகுப்பு நடத்த வேண்டும் என்று விரும்பினார்கள். விடுதிகளில் வேலை பார்க்கும் பெற்றோர் சிலர் ஸ்பானியம் வேண்டும் என்று கேட்டதும், மூன்று ஆண்டுகள் மாலை வகுப்புக்குப் போய் பி1 என்னும் இடைநிலை வரை அந்த மொழியைப் படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. பிள்ளைகள் 14 பேர். 2-ஆம் வகுப்பிலிருந்து 4-ஆம் வகுப்பு வரை கலந்து உட்காருகிறார்கள். வாரத்துக்கு 45 நிமிடம் மட்டுமே கிடைக்கிறது.

இரண்டு மாதம் ஓடிவிட்டது. நான் தொடங்கிய விதமே தவறு என்று இப்போது தோன்றுகிறது. தமிழ் வகுப்பில் உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் முதலில் வருவதுபோல, ஸ்பானியத்தின் 27 எழுத்துகளையும் முதல் நாளே பலகையில் எழுதி, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு படம் ஒட்டினேன். பூனைப் படத்தைக் காட்டி 'காத்தோ' என்றேன். ஒரு நொடி அமைதி. பிறகு வகுப்பே சிரித்தது. முன்வரிசையில் இருந்த சிறுவன் எழுந்து, "மிஸ், காத்தோ பிமாவா?" என்று கேட்டான். பிரெஞ்சிலிருந்து பிறந்த நம் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் காத்தோ என்றால் பலகாரம் அல்லவா? கடைத்தெருவில் ரொட்டிக்குள் வைத்துத் தரும் மிளகாய்ப் பருப்பு வடை அவன் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. அன்று முழுவதும் பூனையை வடையிலிருந்து பிரிக்க என்னால் இயலவில்லை.

அதைச் சிரித்துக் கடந்துவிடலாம். ஆனால் மற்ற இரண்டு சிக்கல்கள் அப்படிப்பட்டவை அல்ல. வீடு என்பதற்கு 'லா காசா' என்று சொல்லிக் கொடுத்தேன்; கிரியோலில் 'லகாஸ்' என்பதால் உடனே பிடித்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் 'என் வீடு' என்று சொல்லச் சொன்னபோது 14 பேரில் ஏறத்தாழ எல்லோருமே 'மி லா காசா' என்றார்கள். 'மி காசா' என்று எத்தனை முறை திருத்தினாலும், ஆங்கிலத்தின் 'தி' போன்ற அந்த 'லா' போவதாக இல்லை.

இன்னொன்று நானே இழுத்துவிட்டுக்கொண்ட வினை. பிள்ளைகள் ஸ்பானியச் சொற்களைப் பிரெஞ்சு முறையில் வாசிப்பதைத் தவிர்க்கலாம் என்று எண்ணி, சொற்களின் கீழே தமிழ் எழுத்தில் ஒலியை எழுதினேன். நாய் என்ற பொருள் தரும் 'பெர்ரோ'வில் ரகரம் அழுத்தமாக உருள வேண்டும் என்பதால், வல்லின றகரத்தை இரட்டித்து 'பெற்றோ' என்று எழுதிவிட்டேன். பிள்ளைகள் நான் தமிழ் வகுப்பில் கற்றுக் கொடுத்தபடியே ஒழுங்காக வாசித்தார்கள்: வெற்றி, காற்று, பெற்றோர் என்பவற்றில் வரும் அதே ஒலி. நாய் இருந்த இடத்தில் பெத்ரோ என்ற ஆள் வந்து நின்றார்.

என் கேள்விகள் இவை. இந்த வயதில் எழுத்தை எப்போது காட்டலாம்? ஒலியைத் தமிழ் எழுத்தில் எழுதுவதை அறவே நிறுத்திவிட வேண்டுமா? கிரியோல், பிரெஞ்சு, ஆங்கிலம், தமிழ் என்று நான்கைச் சுமக்கும் பிள்ளைகளிடம் ஐந்தாவதாக ஒன்றைக் கொண்டுவருவதால் கடைசியில் இளைப்பது தமிழாகத்தான் இருக்குமோ என்ற அச்சமும் எனக்கு இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில்: கியூர்பிப் ஓய்வாசிரியர்

அம்மா, வணக்கம். நான் 30 ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அதன்பின் மகள் குடும்பத்தோடு ஸ்பெயினில் வலென்சியா நகரில் நான்கு ஆண்டுகள் இருந்தேன். பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவரும் வேலையில்தான் என் ஸ்பானியம் வளர்ந்தது. அந்த ஊரில் பிள்ளைகள் ஸ்பானியத்தோடு வலென்சிய மொழியையும் பள்ளியில் படிக்கிறார்கள் என்பதால், பல மொழி என்றாலே பிள்ளை குழம்பிவிடும் என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. நம் தீவில் இருப்பவர்களுக்கு அதை நான் சொல்லத் தேவையில்லை.

எழுத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் ஆறு மாதம் பலகையில் ஒரு ஸ்பானியச் சொல்கூட எழுதாதீர்கள். பிள்ளைகளுக்கு ரோமன் எழுத்து ஏற்கெனவே தெரியும். பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். சொல்லைக் கேட்பதற்கு முன் எழுத்தைப் பார்த்துவிட்டால், அந்த எழுத்துக்குப் பழக்கமான பிரெஞ்சு ஒலியை நாக்கு தானாகவே எடுத்துக்கொள்ளும். ஒன்று என்பதற்கான 'ஊனோ' என்ற சொல்லின் முதல் எழுத்தைக் கண்டதும் உதட்டைக் குவித்து 'யு' போன்ற ஒலியை எழுப்புவார்கள். சொல்லின் இறுதியில் உள்ள சகரத்தை விழுங்குவார்கள். ரொட்டி என்ற பொருள் தரும் 'பான்' மூக்கொலியாகி இறுதி னகரத்தை இழக்கும். மாறாக, நூறு முறை காதில் விழுந்த சொல்லைப் பிறகு எழுத்தில் காணும்போது, ஒலி முன்னே நின்று எழுத்தைத் தன் வழிக்கு இழுத்துக்கொள்ளும்.

எழுதாமல் 45 நிமிடத்தை எப்படி நிரப்புவது என்று கேட்பீர்கள். உடம்பை வைத்து நிரப்புங்கள். ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960-களில் வகுத்த முறை ஒன்று உண்டு: ஆசிரியர் கட்டளையிடுவார், மாணவர் பேசாமல் அதைச் செய்து காட்டுவார். எழு, உட்கார், கதவைத் தொடு, மேசைக்கு அடியில் ஒளிந்துகொள் என்பன போல. வாய் திறக்கக் கட்டாயம் இல்லாததால் கூச்சப்படும் பிள்ளையும் பங்கு பெறும். புரிந்ததா இல்லையா என்பது கால் நகர்வதிலிருந்தே உங்களுக்குத் தெரிந்துவிடும். சில வாரங்களில் அவர்களே கட்டளையிட ஆசைப்படுவார்கள். அப்போது ஒவ்வொருவரையும் ஆசிரியராக நிறுத்துங்கள். பேச்சு அங்கே தானாகத் தொடங்கும். தொடக்கத்தில் கட்டளைகளை ஏழெட்டுக்கு மேல் போகவிடாதீர்கள்; நான் ஆர்வக்கோளாறில் ஒரே நாளில் இருபதைக் கொடுத்து, பேரன் காதைப் பொத்திக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

தமிழ் எழுத்தைப் பற்றிய உங்கள் இரண்டாம் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. எழுத்தை விட்டுவிடுங்கள்; ஒலியை விடாதீர்கள். ஸ்பானியத்தில் உயிரொலி ஐந்தே ஐந்து: அ, எ, இ, ஒ, உ. நம் குறில்களை ஒப்பிக்கும் பிள்ளைக்கு இந்த ஐந்தும் முன்பே வாயில் இருக்கின்றன. தகரத்தை நாக்கு பல்லில் பட்டுச் சொல்வது இரு மொழிக்கும் பொது. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு அது எளிதில் வராது. இதைவிட வியப்பானது ஒன்று உண்டு. நாம் 'அகம்', 'பதம்' என்று சொல்லும்போது இடையில் வரும் ககரமும் தகரமும் மெலிந்து ஒலிக்கின்றன அல்லவா? ஸ்பானியத்திலும் உயிர்களுக்கு இடையில் வரும் அந்த ஒலிகள் அப்படித்தான் மெலிகின்றன. ஏரி என்ற பொருளில் 'லாகோ', ஒன்றுமில்லை என்ற பொருளில் 'நாதா' ஆகிய சொற்களைத் தமிழ் வாசிப்பது போலவே வாசித்தால், ஸ்பானியரின் உச்சரிப்புக்கு மிக அருகில் வந்துவிடலாம்.

ரகரத்துக்கு வருகிறேன். நம் கிரியோலில் ரகரம் தொண்டையில் லேசாகத் தேய்ந்து, சொல்லின் இறுதியில் மறைந்தே போகிறது. ஆகவே பிள்ளைகள் தமிழ் வகுப்பில் கற்ற 'மரம்', 'கரம்' ஆகியவற்றின் ரகரம்தான் இங்கே கைகொடுக்கும். 'ஆனால்' என்று பொருள்படும் 'பெரோ'வுக்கு அது அப்படியே பொருந்தும். நாய் என்ற பொருள்படும் 'பெர்ரோ'வுக்கு நாக்கு பல முறை அதிர வேண்டும். நீங்கள் றகரத்தை நினைத்ததில் தவறில்லை, இரட்டித்ததில்தான் தவறு. தனி றகரமாக 'பெறோ' என்று எழுதியிருந்தால்கூடப் பெத்ரோ வந்திருக்க மாட்டார். ஆனாலும் எழுதாமல், மோட்டார் சைக்கிளை முடுக்குவது போல் உதறிக் காட்டச் சொல்லுங்கள். ஏழு வயதுச் சிறுவர்கள் இதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள்.

'மி லா காசா'வைப் பற்றியும் ஒரு சொல். அது அவர்களுடைய கவனக்குறைவு அன்று. கிரியோலில் பிரெஞ்சின் 'லா' சொல்லோடு ஒட்டிப் பெயரின் உறுப்பாகவே ஆகிவிட்டது. 'மோ லகாஸ்' என்றால்தான் என் வீடு. அவர்கள் தங்கள் இலக்கணப்படி மிகச் சரியாகப் பேசுகிறார்கள். திருத்துவதற்குப் பதிலாக, வீடு என்ற சொல்லை 'லா' இல்லாத பல இடங்களில் கேட்கச் செய்யுங்கள்: இரண்டு வீடு, உன் வீடு, சிவப்பு வீடு ஒன்று என்று பல வகையில். அட்டையில் ஒரு பெரிய வீட்டை வரைந்து, 'லா' என்பதைத் தனியே ஒரு தொப்பியாக வெட்டி, போட்டுக் கழற்றிக் காட்டியபோது என் பேத்தியின் தோழி ஒருத்திக்கு, அவள் நம் தீவுப் பிள்ளைதான், அது விளங்கியது.


பதில்: வாக்வா தந்தை

ஆசிரியர் இருவருக்கும் வணக்கம். நான் கல்வித்துறையைச் சேர்ந்தவன் அல்லன். மூன்றாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணுக்குத் தந்தை. ஓய்வாசிரியர் ஐயா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் ஓரிடத்தில் உடன்பட முடியவில்லை. நம் வீடுகளில் பேசப்படுவது கிரியோல். என் மகளுக்குத் தமிழ் என்பதே பள்ளியிலும் கோவிலிலும் கற்கும் மொழிதான். கற்றுக்கொண்டிருக்கும் மொழியைப் பாலமாக வைத்து இன்னொரு மொழிக்கு அழைத்துப் போவது, பாலத்தின் மேல் பாலம் கட்டுவது போல் இல்லையா?

இன்னொரு மனக்குறையும் உண்டு. சென்ற ஆண்டு மகளைக் கட்டணம் கட்டி ஒரு வகுப்பில் சேர்த்தோம். எட்டு வயதுப் பிள்ளையின் கையில் முதல் மாதமே வினைச்சொல் திரிபு அட்டவணையைக் கொடுத்தார்கள். நான் உண்கிறேன் என்றால் 'கோமோ', நீ உண்கிறாய் என்றால் 'கோமெஸ்', அவள் உண்கிறாள் என்றால் 'கோமே' என்று தாலாட்டுப் போல ஒப்பித்தாள். "பசிக்கிறது, ரொட்டி கொடு" என்று கேட்கச் சொன்னால் விழித்தாள். நாலு மாதத்தில் நிறுத்திவிட்டோம். ஆறாம் வகுப்பில் தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வான பி.எஸ்.ஏ.சி. வேறு காத்திருக்கிறது. அதில் ஸ்பானியம் இல்லை, தமிழ் இருக்கிறது. விடுதி வேலைக்கு உதவும் என்று ஆறு வயதிலேயே தொடங்க வேண்டுமா? சுற்றுலாப் பயணியரில் ஸ்பானியம் பேசுவோரைவிடப் பிரெஞ்சு பேசுவோரைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். ஆசிரியை அவர்கள் கடைசியாகக் கேட்ட கேள்விக்கு யாரும் இன்னும் விடை சொல்லவில்லை.


பதில்: செந்தாந்த்ரே வாசகி

அண்டைத் தீவான ரெயூனியனிலிருந்து எழுதுகிறேன். புதுச்சேரியில் பிறந்து, திருமணத்துக்குப் பின் இங்கே வந்து, கொலேஜ் எனப்படும் நடுநிலைப் பள்ளியில் ஸ்பானியம் கற்பிக்கிறேன். இங்கே பிரெஞ்சுக் கல்வி முறைதான். 2016-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்குப் பிறகு இரண்டாவது அயல்மொழி ஏறத்தாழ 12 வயதில், ஐந்தாம் வகுப்பு என்று இங்கே பின்னாலிருந்து எண்ணும் வகுப்பில் தொடங்குகிறது. ஆகவே எட்டு வயதுப் பிள்ளைகளோடு எனக்கு வேலை இல்லை. ஆனால் பிரெஞ்சும் கிரியோலும் ஸ்பானியத்தின் மேல் என்ன செய்யும் என்பதை ஒவ்வொரு செப்டம்பர் மாதமும், உண்மையைச் சொன்னால் இங்கே ஆகஸ்டிலேயே பள்ளி திறந்துவிடுவதால் ஒவ்வோர் ஆகஸ்டும், பார்க்கிறேன்.

வாக்வா தந்தை அவர்களின் பாலக் கேள்வி நியாயமானது. ஒரே பாலத்தில் எல்லாவற்றையும் ஏற்றுவதால்தான் சிக்கல். எது எங்கே பொருந்துகிறதோ அதை அங்கே எடுத்துக்கொள்ள வேண்டும். நிறத்தைப் பெயருக்குப் பின்னால் சொல்வது, 'எட்டு ஆண்டுகள் வைத்திருக்கிறேன்' என்ற வகையில் வயதைச் சொல்வது, இவை கிரியோலிலும் பிரெஞ்சிலும் அப்படியே இருக்கின்றன. அங்கே தமிழைக் கொண்டுவந்தால் குழப்பம்தான் மிஞ்சும். (வயதைச் சொல்லும் 'ஆஞ்ஞோஸ்' என்ற சொல்லில் ஞகரத்தை நகரமாக்கிவிட்டால், பெரியவர்கள் முன் சொல்லக் கூடாத உடலுறுப்பின் பெயராகிவிடும் என்பதை மட்டும் ஆசிரியை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.)

ஆனால் 'எனக்குப் பிடிக்கும்' என்று வரும்போது நிலைமை தலைகீழ். பிரெஞ்சிலும் கிரியோலிலும் 'நான் மாம்பழத்தை விரும்புகிறேன்' என்ற அமைப்பு. ஸ்பானியத்தில் 'மே குஸ்தா' என்றால், நமக்கு எப்படியோ அப்படியே: எனக்குப் பிடிக்கிறது. பிடிப்பது மாம்பழம், நான் நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறேன். பழங்கள் பலவாக இருந்தால் வினையும் பன்மையாகி 'மே குஸ்தான்' என்று மாறும். என் 12 வயது மாணவர்கள் இதில் தடுக்கி விழாத ஆண்டே இல்லை. தலை வலிக்கிறது என்பதும் அப்படித்தான்: 'மே துவேலே லா கபேசா', எனக்கு வலிக்கிறது தலை. உங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் ஓரளவே தெரிந்தாலும் 'எனக்குப் பிடிக்கும்', 'எனக்கு வலிக்கிறது' ஆகிய இரண்டும் தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன். இந்தப் பாலத்துக்கு அவ்வளவு போதும். வினையின் ஈற்றிலேயே ஆள் தெரிவதும் அப்படி. கிரியோலில் 'மோ மான்ஸே, தோ மான்ஸே, லி மான்ஸே' என்று வினை மாறாமல் நிற்கும். உண்கிறேன், உண்கிறாய், உண்கிறாள் என்று ஈறு மாறுவதைத் தமிழில் ஏற்கெனவே பாடிப் பழகிய பிள்ளைக்கு 'கோமோ, கோமெஸ், கோமே' அயலாகத் தோன்றாது. அட்டவணை வேண்டாம் என்பதில் வாக்வா தந்தையோடு முழு உடன்பாடு.

பிரெஞ்சைப் பகையாகக் கருதவும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பள்ளி, விண்மீன், கடற்பஞ்சு ஆகியவற்றுக்குப் பிரெஞ்சில் எகோல், எத்துவால், எபோன்ஜ். ஸ்பானியத்தில் எஸ்குவேலா, எஸ்த்ரேயா, எஸ்போன்ஹா. பிரெஞ்சு அந்த 'ஸ்' ஒலியைக் காலப்போக்கில் இழந்துவிட்டது, ஸ்பானியம் வைத்துக்கொண்டது. சொல் முதலில் மெய்க்கூட்டம் வந்தால் முன்னே ஓர் உயிரைச் சேர்ப்பது நம்மவருக்கும் இயல்பு. சென்னைத் தெருவில் ஸ்கூலை 'இஸ்கூல்' என்பவரும் அதைத்தானே செய்கிறார்? இந்த விளையாட்டை ஒன்பது, பத்து வயதில் காட்டலாம். அதே வயதில் பொய்த்தோழர்களையும், அதாவது தோற்றத்தில் ஒத்துப் பொருளில் வேறுபடும் சொற்களையும், அறிமுகம் செய்யுங்கள்: 'லார்கோ' என்றால் நீளம், பிரெஞ்சின் 'லார்ஜ்' அகலம். 'சலீர்' என்றால் வெளியே போதல்; பிரெஞ்சில் அதே எழுத்துகள் அழுக்காக்குதலைக் குறிக்கும். உங்கள் காத்தோ இந்தக் கூட்டத்தின் தலைவர். அதை மறைக்காதீர்கள். ஒரு பக்கம் பூனை, மறுபக்கம் வடை வரைந்த அட்டையைச் சுவரில் மாட்டுங்கள்.

தமிழ் ஆசிரியர்களுக்கு மட்டும் கிடைக்கும் சிறு சலுகை ஒன்றும் இருக்கிறது. மேசை, அலமாரி, மேஸ்திரி ஆகியவை போர்த்துகீசியர் நம் கரைக்கு வந்தபோது அவர்கள் மொழியிலிருந்து தமிழுக்கு வந்தவை. போர்த்துகீசியமும் ஸ்பானியமும் உடன்பிறந்தவை என்பதால் ஸ்பானியத்தில் 'மேசா', 'அர்மாரியோ', 'மயெஸ்த்ரோ' என்று அவை மீண்டும் எதிர்ப்படும். வகுப்பறையில் கைநீட்டிக் காட்டக்கூடிய பொருள்கள் வேறு. ஜன்னலும் சாவியும் அவ்வாறு வந்தவையே. ஆனால் ஜன்னலுக்கு ஸ்பானியத்தில் 'வெந்தானா' என்ற வேறு சொல், சாவியோ 'யாவே' என்று முகம் மாறி நிற்கும். அவற்றைப் பிள்ளைகளிடம் கொண்டுபோக வேண்டாம்.

சான்றிதழ் வேண்டும் என்று பெற்றோர் கேட்டால், தெலே என்னும் ஸ்பானிய மொழித் திறன் தேர்வின் பள்ளி மாணவர் பிரிவு 11 வயதிலிருந்துதான் என்று சொல்லிவிடுங்கள். உங்களுக்கு அவசரமே இல்லை.


மறுமொழி: மோக்கா ஆசிரியை

மூவருக்கும் நன்றி. பதில் எழுதத் தாமதித்ததற்குக் காரணம், சொன்னவற்றை ஆறு வாரம் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

பலகையைத் துடைத்துவிட்டேன். எழுத்து அட்டைகள் அலமாரிக்குள் போய்விட்டன. அந்த அலமாரியும் மேசையும்தான் இப்போது பாடம். முதல் வாரம் ஒரு சிறுமி, "மிஸ், இது தமிழ் வகுப்பா, ஸ்பானிய வகுப்பா?" என்று கேட்டாள். இரண்டிலும் அது மேசைதான் என்றேன். அடுத்த திங்கள்கிழமை தமிழ்ப் பாட வேளையில் அவளே மற்றப் பிள்ளைகளிடம் அந்தச் செய்தியைப் பெருமையாகச் சொன்னதைக் கேட்டேன். தமிழ் இளைத்துவிடுமோ என்று கேட்டிருந்தேனே, அதற்கு இது விடை ஆகாதுதான். ஆனாலும் அந்தப் பக்கத்தில் எனக்கு இப்போது அவ்வளவு கலக்கம் இல்லை.

வலி பாடம் எதிர்பாராமல் அமைந்தது. ஒருவனுக்குப் பால்பல் ஆடிக்கொண்டிருந்தது. வகுப்பின் நடுவே விழுந்தும் விட்டது. ஸ்பெயினில் பேரெஸ் என்னும் எலி வந்து தலையணைக்கு அடியில் உள்ள பல்லை எடுத்துக்கொண்டு காசு வைத்துவிட்டுப் போகும் என்ற நம்பிக்கையைச் சொன்னேன். என் பாட்டி பல்லைக் கூரைமேல் எறியச் சொன்னதையும் சொன்னேன். பிள்ளைகள் எலியையே தேர்ந்தெடுத்தார்கள். பிறகு வரிசையாக எல்லோரும் பல், தலை, வயிறு, முழங்கால் என்று பிடித்துக்கொண்டு 'மே துவேலே' என்று முனகினார்கள். 'எனக்கு' என்று நான் நெஞ்சைத் தொட்டுக் காட்டியது மட்டுமே விளக்கம். வாக்வா தந்தை அவர்களுக்கு ஒன்று: பாதிப் பேருக்குத் தமிழ்த் தொடர் உதவியது, மீதிப் பேருக்கு என் முகக்கோணல் உதவியது. உங்கள் ஐயத்தில் பாதி உண்மை இருக்கிறது.

'மி லா காசா' இன்னும் முழுமையாக ஒழியவில்லை. தொப்பி உத்தியைச் செய்து பார்த்தேன், வீட்டுக்குப் பலித்தது. ஆனால் மேசைக்குத் தொப்பி போட்டபோது, மேசைக்கு ஏன் தொப்பி என்று அரை மணி நேரம் விவாதம். மோட்டார் சைக்கிள் ஒலியை மட்டும் யாரும் நிறுத்தவில்லை; பக்கத்து அறையில் நடக்கும் கணித வகுப்பிலிருந்து புகார் வந்திருக்கிறது.

இன்னொரு சிறு உதவி வேண்டும். எண்களுக்கு வந்திருக்கிறோம். பத்து வரை தடையில்லை. அதற்கு மேல் தடுமாறுகிறார்கள்.


பதில்: கியூர்பிப் ஓய்வாசிரியர்

அம்மா, 11 முதல் 15 வரை மனப்பாடம்தான், வேறு வழியில்லை. 16 வந்ததும் மூச்சு விடலாம்: பத்தும் ஆறும் சேர்ந்து 'தியேசிசேயிஸ்', நம் பதினாறு போலவே. பிரெஞ்சில் இந்தச் சேர்க்கை 17-இல்தான் தொடங்குகிறது என்பதால் 16-இல் மட்டும் பிள்ளைகள் திகைப்பார்கள். அங்கே ஒரு நிமிடம் நின்று போங்கள்.

12 வரை பழக்க ஸ்பெயினின் வழக்கம் ஒன்று உதவும். டிசம்பர் 31 நள்ளிரவில் மணி அடிக்கும் ஒவ்வோர் அடிக்கும் ஒரு திராட்சை வீதம் 12 திராட்சை தின்பார்கள். வலென்சியாவில் நான் ஏழாவதிலேயே பின்தங்கிவிடுவேன். வகுப்பில் நீங்கள் மேசையைத் தட்டுங்கள். பிள்ளைகள் எண்ணைச் சொல்லிவிட்டுத் தின்னட்டும். சிறு பிள்ளைகளின் தொண்டையில் முழுத் திராட்சை அடைத்துக்கொள்ளும், ஆகவே நீளவாக்கில் நறுக்கியே கொடுங்கள், தட்டுவதும் மெதுவாக இருக்கட்டும்.

வாக்வா தந்தை ஐயா, விடுதி வேலைக்காக ஆறு வயதில் தொடங்க வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் பேரன் ஒருமுறை ஆப்பிரிக்காவில் யாராவது ஸ்பானியம் பேசுகிறார்களா என்று கேட்டான். பூமத்தியரேகை கினியைப் படத்தில் காட்டி, அது விடுதலை பெற்றது 1968 அக்டோபரில், நாம் பெற்றது அதே ஆண்டு மார்ச்சில் என்று சொன்னேன். அன்று முதல் அவன் அந்நாட்டைத் தம்பி நாடு என்றுதான் சொல்கிறான். மகளிடம் படத்தை ஒருமுறை காட்டிப் பாருங்கள்.


பதில்: வாக்வா தந்தை

காட்டினேன், ஐயா. எங்கள் வீட்டு உலகப்படத்தில் அந்த நாடு ஒரு புள்ளியாகத்தான் இருக்கிறது. நம் தீவு அதுகூட இல்லை என்று மகள் முறையிட்டாள். ஆசிரியை அவர்களின் வகுப்பில் இடம் இருந்தால் அடுத்த சனிக்கிழமை ஒரு நாள் மட்டும் வந்து உட்காரலாமா என்று கேட்கச் சொன்னாள். அட்டவணை கொடுக்க மாட்டீர்கள் என்று அவளிடம் உறுதி சொல்லியிருக்கிறேன்.